பல் வலிக்காதபோது பல் சுகாதார நிபுணரிடம் எதற்குப் போக வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரும்பாலோர் பல் மருத்துவமனைக்குப் போவது வலி வந்த பிறகுதான். வலியில்லாத பல்லோடு போய் நாற்காலியில் சாய்ந்துகொள்வதால் என்ன பயன், அங்கே என்ன செய்வார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போவது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதில்கள்.

பல் சுகாதார நிபுணர் என்பவர் யார்? பல் மருத்துவரும் அவரும் ஒருவரா?

இல்லை. சொத்தையை அடைப்பது, வேர் சிகிச்சை செய்வது, பல்லைப் பிடுங்குவது எல்லாம் பல் மருத்துவரின் வேலை. பல்லும் ஈறும் கெடாமல் காப்பதும், ஈறு நோய் ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு அது முற்றாமல் பார்த்துக்கொள்வதும் பல் சுகாதார நிபுணரின் வேலை. டென்டல் ஹைஜீனிஸ்ட் என்று மருத்துவமனைகளில் குறிப்பிடப்படுபவர் இவர்தான். ஈறின் ஆழத்தை அளப்பது, பல்லில் இறுகிப் படியும் காரையை நீக்குவது, சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு பூச்சு இடுவது, எப்படித் துலக்குவது என்று கற்றுத்தருவது ஆகியவற்றில் தனிப் பயிற்சி பெற்றவர். சில நாடுகளில் நோயாளிகள் இவரிடம் நேரடியாகவே போகலாம். வேறு சில நாடுகளில் இவர் பல் மருத்துவரின் மேற்பார்வையில்தான் பணியாற்ற முடியும். இப்படி ஒருவர் தனியாக இல்லாத மருத்துவமனைகளில் பல் மருத்துவரே இந்த வேலையையும் செய்வார். அங்கே போகிறவர்களுக்கும் கீழே உள்ளவை பொருந்தும்.

இந்தத் தொழில் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர், தம் உதவியாளரும் உறவினருமான ஐரீன் நியூமனுக்கு 1906இல் பல் சுத்தம் செய்யும் பயிற்சியைக் கொடுத்தார். 1913இல் இதற்கென ஒரு பள்ளியே தொடங்கினார். அங்கே படித்த பெண்கள் பலர் நகரின் பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் குழந்தைகளின் பற்களைச் சுத்தம் செய்தார்கள், துலக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். 1917இல் நியூமனுக்கு உரிமம் கிடைத்தது. ஆக, தொடக்கத்திலிருந்தே இது பாதி ஆசிரியர் வேலை. அந்தப் பாதியைத்தான் நாம் இன்று பெரும்பாலும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

தினமும் இரண்டு வேளை ஒழுங்காகத் துலக்குகிறேன். அது போதாதா?

துலக்குவதற்கு மாற்று எதுவும் கிடையாது. யாரிடம் எத்தனை முறை போனாலும் ஆண்டின் மற்ற நாட்களில் உங்கள் பல் உங்கள் கையில்தான். ஆனால் பிரஷ் எட்டாத இடங்கள் எல்லார் வாயிலும் உண்டு. பல்லும் பல்லும் நெருங்கி நிற்கும் இடுக்கு, கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம், கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கம் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. கைப்பழக்கம் என்பது விடாப்பிடியானது. நேற்று எந்த மூலையைத் தவறவிட்டீர்களோ, அதே மூலையைத்தான் இன்றும் தவறவிடுவீர்கள், நாளையும் தவறவிடுவீர்கள்.

பல்லின் மேல் நாக்கு உணரும் வழவழப்பு வெறும் உணவுத் துணுக்கு அன்று. பாக்டீரியாக்கள் தாமே சுரந்த பசைக்குள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வாழும் படலம் அது. பிளேக் என்று சொல்வது இதைத்தான். 1683இல் டச்சுக்காரரான லேவன்ஹுக் தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெண்மையான பொருளை, தாமே செய்த உருப்பெருக்கியில் பார்த்து, அதில் நுண்ணுயிர்கள் நெளிவதாக லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு எழுதினார். அவர் அசுத்தமான மனிதர் அல்லர். நாள்தோறும் உப்பால் பல் தேய்த்து, குச்சியால் இடுக்குகளைக் குத்தி, துணியால் துடைத்தவர். அவ்வளவு செய்தும் இடுக்கில் அது மிச்சம் இருந்தது.

இந்தப் படலம் நீக்கப்படாமல் கிடந்தால், உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதற்குள் படிந்து சில நாட்களிலேயே இறுகத் தொடங்கும். அதுவே காரை. உமிழ்நீர்ச் சுரப்பிகள் வாய்க்குள் திறக்கும் இடங்களை ஒட்டி, அதாவது கீழ் முன்பற்களின் பின்னாலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும், இது அதிகம் சேரும். இறுகிய பிறகு எந்தப் பிரஷும் எந்தப் பற்பசையும் அதைப் பெயர்க்காது.

காரைதானே, வலிக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டுமே?

வலிக்காது என்பதுதான் சிக்கல். காரையின் மேற்பரப்பு சொரசொரப்பானது. அதன்மேல் புதிய படலம் எளிதாக ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது. அந்தப் படலத்தை எதிர்த்து உடல் போரிடுவதால் ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் ரத்தம் கசியும். இது ஈறு அழற்சி. இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் ஈறு பழையபடி ஆகிவிடும்.

இதை 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரின் குழு தெளிவாகக் காட்டியது. ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லாருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு தேறியது.

கவனிக்காமல் விட்டால் சிலருக்கு வீக்கம் கீழே இறங்கும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். ஈறு பல்லிலிருந்து பிரிந்து, பை போன்ற ஒரு பள்ளம் உண்டாகும். பிரஷ் எட்டாத அந்தப் பள்ளத்துக்குள் மேலும் காரை சேரும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் பலர் விழித்துக்கொள்கிறார்கள். அதற்குள் பல ஆண்டுகள் கடந்திருக்கும். முற்றிய ஈறு நோயால் உலகில் சுமார் 100 கோடிப் பேர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது.

‘சிலருக்கு’ என்று நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. அதே லோவின் குழு 1970 முதல் 1985 வரை இலங்கையில் 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வாயைத் தொடர்ந்து ஆராய்ந்தது. பிரஷோ பல் சிகிச்சையோ அவர்களுக்கு ஏறக்குறைய எட்டாதவையாக இருந்தன. எல்லார் பல்லிலும் படலமும் காரையும் நிறையவே இருந்தன. ஆனால் 8 சதவீதத்தினருக்கு நோய் வெகு வேகமாக முற்றியது. 81 சதவீதத்தினருக்கு மிதமான வேகத்தில் நகர்ந்தது. 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை. ஒரே மாதிரி அழுக்கு, மூன்று மாதிரி விளைவு. (அந்தத் தொழிலாளர்களுக்குப் பிரஷ்கூட எட்டாமல் போனது ஏன் என்பது இன்னொரு பெரிய கேள்வி, இங்கே அதற்கு இடமில்லை.) நீங்கள் இந்த மூன்றில் எந்த வகை என்பதை வீட்டுக் கண்ணாடி சொல்லாது. ஆண்டுதோறும் யாராவது அளந்து குறித்து வைத்தால்தான் தெரியும்.

ஒரு வருகையில் என்னதான் நடக்கும்?

முதலில் உடல்நலம், மருந்துகள், புகைப்பழக்கம் பற்றிய கேள்விகள். பிறகு உதடு, கன்னத்தின் உட்பகுதி, நாக்கின் அடி, தொண்டையின் முகப்பு ஆகியவற்றைப் பார்ப்பார். அதன்பின் வருவதுதான் என் பார்வையில் மொத்த வருகையிலும் மிக மதிப்புள்ள பகுதி: அளவெடுப்பது.

மில்லிமீட்டர் கோடுகள் போட்ட, முனை மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் மெதுவாக இறக்கி, ஆழத்தைப் படிப்பார். முழுமையாக அளந்தால் ஒரு பல்லுக்கு ஆறு இடங்கள். ‘இரண்டு, மூன்று, இரண்டு’ என்று எண்கள் காதில் விழும். 3 மில்லிமீட்டர் வரை பொதுவாகக் கவலையில்லை. 4, 5 என்றால் கவனம் தேவை. 6 அல்லது அதற்கு மேல் என்றால் பள்ளம் ஆழமாகிவிட்டது என்று பொருள். கம்பி பட்டதும் எங்கெல்லாம் ரத்தம் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்வார். ஓர் இடத்தில் ஒவ்வொரு முறையும் ரத்தம் வராமலே இருந்தால் அந்த இடம் நிலையாக இருக்கிறது என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம்.

அந்த எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பலர் ‘சுத்தமாகிவிட்டதா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். சென்ற ஆண்டு 3 ஆக இருந்த இடம் இந்த ஆண்டு 5 ஆகியிருந்தால், அதுவே உங்களுக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. பல் அதை உங்களிடம் வேறு எந்த வழியிலும் சொல்லியிருக்காது.

பிறகுதான் ஸ்கேலிங், அதாவது காரையை எடுப்பது. அல்ட்ராசானிக் கருவியின் முனை நொடிக்கு ஏறத்தாழ 25,000 முதல் 40,000 முறை அதிரும். அந்த அதிர்வில் காரை உடைந்து உதிரும். கூடவே பீய்ச்சும் நீர் முனையைக் குளிர்வித்து, உதிர்ந்ததைக் கழுவும். நுண்ணிய இடங்களைக் கைக்கருவியால் முடிப்பார். கடைசியில் கறைகளை நீக்கி மெருகேற்றுவார். சில இடங்களில் மென்மையான தூளை நீரோடும் காற்றோடும் பீய்ச்சிப் படலத்தை நீக்குகிறார்கள்.

இதெல்லாம் முடிந்ததும், எங்கே தவறவிடுகிறீர்கள், அதை எப்படிச் சரிசெய்வது என்று காட்டுவார். சிலர் படலத்துக்குச் சாயம் ஏற்றி, கண்ணாடியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நிறம் பிடித்த இடங்களைப் பார்த்த பிறகு விளக்கமே தேவைப்படாது.

அடிக்கடி ஸ்கேலிங் செய்தால் பல் தேய்ந்து ஆட்டம் கண்டுவிடும் என்கிறார்களே?

இதைவிடப் பரவலான பயம் வேறு இல்லை. எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமில்லை. எலும்பு கரைந்து தளர்ந்திருந்த பல்லைச் சுற்றிக் கெட்டியான காரை கட்டியிருக்கும். காரை பக்கத்துப் பற்களையும் சேர்த்துப் பிணைத்திருக்கும். அதை எடுத்ததும் பல்லின் உண்மையான தளர்ச்சி வெளிப்படும். வீங்கியிருந்த ஈறு வற்றும்போது பற்களுக்கு நடுவே இடைவெளி தெரியும். காரை மறைத்திருந்த வேர்ப்பகுதி வெளியே வருவதால் குளிர்ந்த நீர் பட்டால் கூசும். இத்தனையும் ஒரே நாளில் தெரியவரும்போது, அன்று செய்த சிகிச்சையின் மேல் பழி விழுகிறது. கெடுத்தது காரை, அகப்பட்டுக்கொண்டது கருவி.

கூச்சம் பெரும்பாலும் சில நாட்களில் தணியும். கூச்சத்துக்கான பற்பசை உதவும். பல வாரங்கள் நீடித்தால் மறுபடி போய்க் காட்ட வேண்டும்.

முறையாகப் பயிற்சி பெற்றவர் அல்ட்ராசானிக் கருவியைக் கையாளும்போது பல்லின் கெட்டியான வெளிப்பூச்சான எனாமல் தேய்ந்து போவதில்லை. வேரின் மேற்பரப்பு எனாமலைவிட மென்மையானது. தேவையின்றித் திரும்பத் திரும்பச் சுரண்டினால் அதற்குச் சேதம் வரும் என்பது உண்மை. அதனால்தான் தேவைப்படும் இடத்தில் மட்டும் செய்ய வேண்டும் என்கிறார்கள். வீட்டிலேயே சுரண்டிக்கொள்ள இணையத்தில் விற்கும் கம்பிகளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தன் வாயின் பின்பக்கத்தைத் தானே பார்க்க முடியாத ஒருவர் கையில் கூர்மையான கொக்கி இருப்பது ஈறுக்கு ஆபத்து.

வலிக்குமா?

ஈறு ஆரோக்கியமாக இருந்தால் பெரும்பாலும் அதிர்வும் குளிர்ச்சியும் மட்டுமே. ஈறு வீங்கியிருந்தால் வலிக்கலாம். பள்ளம் ஆழமாக இருந்து வேர்வரை சுத்தம் செய்ய வேண்டுமென்றால் மரத்துப்போக ஊசி போடுவார்கள். பயமிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி குறைந்தால் வலியும் குறையும். பத்தாண்டுக் காரையை ஒரே நாளில் எடுப்பதும் சில மாதப் படிவை எடுப்பதும் ஒன்றல்ல.

துலக்கும்போது ரத்தம் வருகிறது. சில நாட்கள் துலக்காமல் விட்டுவிடலாமா?

கூடாது. ரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அங்கே தங்கியிருக்கும் படலம்தான். துலக்குவதை நிறுத்தினால் அது இன்னும் கூடும். மென்மையான பிரஷால், ஈறின் விளிம்பில் சாய்வாக வைத்துச் சிறுசிறு அசைவுகளால் துலக்குங்கள். இடுக்குக்குச் சிறிய இடைப்பல் பிரஷைப் பயன்படுத்துங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் காட்டிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அதைச் சொல்ல வேண்டும். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் தாங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது.

புகைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு ரத்தம் வராததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புகைப்பழக்கம் ஈறின் ரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டும். அடியில் நோய் மற்றவர்களைவிட வேகமாக நகர்ந்துகொண்டிருக்கும். அளவெடுப்பது உங்களுக்குத்தான் எல்லாரையும்விட அவசியம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் போக வேண்டுமா?

இந்த எண்ணை எல்லாரும் வேதவாக்காகச் சொல்கிறார்கள். ஆனால் எல்லாருக்கும் ஆறு மாதம்தான் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2004இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்களின் பரிசோதனைக்கு 3 மாதம் முதல் 24 மாதம் வரையிலும், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 3 முதல் 12 மாதம் வரையிலும் அவரவர் நிலைக்கேற்ப இடைவெளி வைக்கச் சொல்கிறது. அங்கேயே நடந்து 2020இல் முடிவுகள் வெளியான ஆய்வு ஒன்றில், நான்கு ஆண்டுகளில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வந்தவர்களுக்கும் அவரவர் நிலைக்கேற்ப இடைவெளி வைத்தவர்களுக்கும் ஈறின் நலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இன்னும் ஒரு சங்கடமான உண்மையும் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, முற்றிய ஈறு நோய் இல்லாமல் வழக்கமாகப் பல் மருத்துவரிடம் போகும் பெரியவர்களை எடுத்துக்கொண்டது. ஆறு அல்லது பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங்கும் மெருகும் செய்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஈறு அழற்சி குறைகிறதா என்று பார்த்தது. செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு மிகச் சிறிது, அல்லது இல்லவே இல்லை என்று கண்டது.

அப்படியானால் இந்தப் பக்கத்தையே மூடிவிடலாமா? மூடுவதற்கு முன் ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரைப் பாருங்கள். அங்கே 1972இல் பெர் அக்ஸெல்சன், யான் லிண்டே ஆகிய இருவரும் தொடங்கிய திட்டம் 30 ஆண்டுகள் நடந்தது. பங்கேற்றவர்களுக்கு முதலில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பின்னர் அவரவர் தேவைக்கேற்பக் குறைத்தும், பல் சுகாதார நிபுணர் சுத்தம் செய்தார். ஒவ்வொரு முறையும் அவர்களின் வாயைக் காட்டியே, எங்கே எப்படித் துலக்குவது என்றும் கற்றுக்கொடுத்தார். 30 ஆண்டு முடிவில் அவர்கள் இழந்த பற்கள் வயதுக் குழுவுக்கேற்ப ஆளுக்குச் சராசரியாக 0.4 முதல் 1.8 வரைதான். இழந்தவற்றிலும் பெரும்பாலானவை ஈறு நோயால் போனவை அல்ல. ஒப்பிடுவதற்கான குழு ஆறாவது ஆண்டோடு கலைக்கப்பட்டதால், 30 ஆண்டுக் கணக்கை யாரோடும் நேராக ஒப்பிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் முதல் ஆறு ஆண்டுகளில் இரு குழுக்களுக்கும் இருந்த இடைவெளி பெரிது.

இந்த இரண்டையும் சேர்த்து நான் புரிந்துகொள்வது இதுதான். யாரையும் அளக்காமல், எதையும் கற்பிக்காமல், தேதி வந்துவிட்டது என்பதற்காகப் பல்லைத் தேய்த்து மினுக்கி அனுப்பினால் பெரிய பலன் இல்லை. அளந்து, ஆபத்தைக் கணித்து, வீட்டில் உங்கள் கை செய்யும் வேலையைத் திருத்தி, தேவைப்படும் இடத்தில் காரையை எடுத்தால் பலன் உண்டு. எனவே பதினைந்து நிமிடத்தில் மெருகேற்றி அனுப்பிவிட்டு ஒரு எண்ணையும் சொல்லாத இடத்தைவிட, கம்பியை இறக்கி அளந்து உங்களிடம் பேசும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எனக்கான இடைவெளியை எப்படித் தீர்மானிப்பது?

தீர்மானிப்பவர் உங்கள் வாயைப் பார்த்தவராக இருக்க வேண்டும். பொதுவாக, முற்றிய ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தொடங்குவார்கள். ஆழமான பள்ளத்தைச் சுத்தம் செய்தாலும் பாக்டீரியாக்கள் சில வாரங்களில் மறுபடி குடியேறத் தொடங்கிவிடும். புகைப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், மருந்தால் வாய் உலர்ந்துபோனவர்கள், பல்லுக்குக் கம்பி கட்டியவர்கள், கை நடுக்கத்தால் சரியாகத் துலக்க முடியாதவர்கள் ஆகியோருக்கும் இடைவெளி குறையலாம். சொத்தையும் இல்லை, ரத்தமும் வருவதில்லை, பள்ளமும் இல்லை என்று பல வருகைகளில் தெரிந்தவர்கள் ஓராண்டோ அதற்கு மேலோ விட்டும் போகலாம். அவர்களிடம் ஆறு மாதம் என்று வற்புறுத்தினால், ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

சர்க்கரை நோய்க்கும் ஈறுக்கும் என்ன தொடர்பு? இதய நோயும் வரும் என்கிறார்களே?

சர்க்கரை நோயில் தொடர்பு இருபக்கமும் ஓடுகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறில் நீடிக்கும் அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு, மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி (சில மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) அளவு சராசரியாக 0.4 புள்ளி அளவுக்குக் குறைகிறது என்று 2022இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. இது பெரிய எண் அல்ல. ஆனாலும் ஒரு கூடுதல் மாத்திரை இல்லாமலே கிடைக்கும் இறக்கம்.

இதயத்தைப் பற்றிப் பேசும்போது நிதானம் தேவை. ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதற்கோ, ஈறைக் குணப்படுத்தினால் மாரடைப்பு தடுக்கப்படும் என்பதற்கோ போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் தெளிவுபடுத்தியது. ‘பல்லைச் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது’ என்று விளம்பரம் செய்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது போகலாமா?

போகலாம், போவது நல்லது. ஹார்மோன் மாற்றத்தால் அந்தக் காலத்தில் ஈறு எளிதில் வீங்கி ரத்தம் கசியும். சுத்தம் செய்வதும் ஈறு சிகிச்சையும் பாதுகாப்பானவை. நடுவிலுள்ள மூன்று மாதங்களில் மல்லாந்து சாய்ந்திருப்பது எளிதாக இருக்கும். ஈறு சிகிச்சை எடுத்தால் குறைப்பிரசவம் தவிர்க்கப்படும் என்று முன்பு நம்பினார்கள். 2006இல் வெளியான பெரிய ஆய்வில் அப்படித் தெரியவில்லை. தாயின் ஈறுக்காகவே போக வேண்டும், அந்தக் காரணமே போதும்.

வாய் நாற்றம் போகுமா?

பெரும்பாலான வாய் நாற்றம் வாயிலிருந்துதான் வருகிறது, வயிற்றிலிருந்து அல்ல. நாக்கின் பின்பகுதியிலும் ஈறுப் பள்ளங்களிலும் வாழும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது கந்தகச் சேர்மங்கள் ஆவியாகின்றன. பள்ளங்களைச் சுத்தம் செய்து, நாக்கை வழித்தால் பலருக்கும் குறையும். வாய் கொப்பளிக்கும் திரவங்கள் சிறிது நேரம் மறைக்கும், அவ்வளவே. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்தவற்றை நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும். பிறகு அந்தக் கறையை எடுக்க அதே நிபுணரிடம் போக வேண்டியிருக்கும்.

பல் வெள்ளையாகிவிடுமா?

தேநீர், காபி, புகையிலைக் கறை போகும். பல்லின் இயற்கை நிறம் மாறாது.

குழந்தைகளுக்கும் தேவையா?

முதல் பல் முளைத்ததும், தாமதமானாலும் முதல் பிறந்தநாளுக்குள், ஒருமுறை காட்டச் சொல்கிறார்கள். குழந்தைகளுக்குக் காரை குறைவு. சொத்தைதான் முதல் எதிரி. அதனால் அங்கே வேலையும் வேறு. பல்லின் மேல் தடவும் ஃபுளோரைடு வார்னிஷ் ஒன்று. சாதாரணப் பற்பசையில் 1,000 முதல் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு இருக்க, வழக்கமாகப் பயன்படும் வார்னிஷில் 22,600 பிபிஎம் இருக்கும். மிகச் சிறிதளவே தடவுவதால் பாதுகாப்பானது. ஆறு வயதையொட்டி முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பற்களின் பள்ளங்களை மூடும் சீலன்ட் இன்னொன்று. அந்தப் பற்கள் எந்தப் பால்பல்லும் விழாமலே பின்னால் முளைப்பதால் பெற்றோர் கண்ணில் படுவதில்லை. பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்; வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல் ஓரிரு ஆண்டுகளில் சொத்தையாகிவிடுகிறது.

துலக்கிய பிறகு நுரையைத் துப்பினால் போதும், தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம் என்பதையும் குழந்தைகளுக்குப் பழக்குங்கள். பெரியவர்களுக்கும் இதுவே. ஃபுளோரைடு பல்லில் தங்குவதற்கு நேரம் கிடைக்கும்.

இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்துவிட்டேன். அது சொத்தையாகாதே?

ஆகாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் உயிருள்ளவை. அங்கேயும் படலம் சேரும், அழற்சி வரும், எலும்பு கரையும். அதற்குச் சிகிச்சை செய்வது இயற்கைப் பல்லின் ஈறு நோயைவிடக் கடினம். இம்ப்ளான்ட்டைக் கீறாத முனைகளால் சுத்தம் செய்ய வேண்டும் என்பதால், அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாய்ப்புற்றைக் கண்டுபிடிப்பார்களா?

சந்தேகத்துக்குரியதைக் கவனித்து அனுப்பிவைப்பார்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, காரணமில்லாத மரப்பு அல்லது கட்டி ஆகியவை அவற்றில் அடங்கும். நாக்கின் பக்கவாட்டையும் அடிப்பகுதியையும் நம்மால் எளிதில் பார்க்க முடியாது. அவர்கள் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்கள். இப்படி ஒரு புண் இருந்தால் அடுத்த வருகைவரை காத்திருக்காதீர்கள்.

முதல்முறை போகும்போது எதைச் சொல்ல வேண்டும், எதைக் கொண்டுபோக வேண்டும்?

எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியல். செயற்கை இதய வால்வு இருந்தாலோ முன்பு இதய உள்ளுறையில் தொற்று வந்திருந்தாலோ முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவைப்படலாம் என்பதால், அதை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர், எலும்புத் தேய்மானத்துக்கான மருந்து, ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றையும் மறைக்க வேண்டாம். கழற்றி மாட்டும் பல்செட்டோ, பல் வரிசை கலையாமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். அதிலும் காரை படியும். வேறு இடத்தில் எடுத்த பழைய எக்ஸ்ரேயும் ஈறின் அளவுகளும் இருந்தால் அவற்றையும் கொடுங்கள். வீட்டில் பயன்படுத்தும் பிரஷையும் கொண்டுபோகலாம். அதை வைத்தே உங்கள் வாயில் துலக்கிக் காட்டச் சொல்லுங்கள்.